மனநோய் மருந்தும் மலச்சிக்கலும் குத்தூசி மருத்துவமும்

மனநோய்க்கு மருந்துண்போரிடம், "உறக்கம் வருகிறதா? அச்சம் குறைந்துள்ளதா?" என வினவுவோர் பலர். "மலம் கழிகிறதா?" என வினவுவோர் மிகச் சிலரே. நோயாளியும் நாணத்தால் அதனைச் சொல்வதில்லை. சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுவோரும் உளர், நோய் மீள்கிறது.

பிற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் தரப்பெறுகிறது. வெள்ளணுக்களை அது குறைத்ததால் 1975-இல் பின்லாந்தில் உயிரிழப்புகள் நேர்ந்தன. பல நாடுகள் அதனைக் கைவிட்டன. 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று அம்மருந்து மீண்டது. இதன் பயனாக இரத்தப் பரிசோதனை வழக்கமாயிற்று. ஆனால் குடலைக் கவனிக்கும் வழக்கம் அவ்வாறு வேரூன்றவில்லை. முற்றிய மலச்சிக்கல் குடலடைப்பாகி உயிரையும் பறிக்கக்கூடும் என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 சனவரியில் தன் எச்சரிக்கையை வலுப்படுத்தியது.

குடல் தசைகளை இயங்கச் செய்யும் தூதுப்பொருள்களுள் தலையாயது அசிட்டைல்கோலின். அதன் ஏற்பிகளைக் குளோசபின் அடைத்துவிடுகிறது. அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும், கைநடுக்கத்திற்கு உடன் தரப்பெறும் டிரைஹெக்சிபெனிடிலும் இவ்வினத்தனவே. நியூசிலாந்தில் 2016-இல் வெளிவந்த ஆய்வொன்றில், குளோசபின் உண்போரின் பெருங்குடலைக் கழிவு கடக்க ஏறத்தாழ 104 மணி நேரம் ஆயிற்று. பிற மனநோய் மருந்துகளை உண்டோர்க்கு 23 மணி நேரமே.

இங்குக் குத்தூசி மருத்துவம் உதவுமா? சீனாவில் 15 மருத்துவமனைகளில் 1075 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. கொப்பூழின் இருபுறமும் உள்ள தியான்ஷூ, முழங்காலுக்குக் கீழேயுள்ள ஷாங்ஜுஷு முதலிய புள்ளிகளில் ஊசியிட்டு மென்மையான மின்னோட்டம் செலுத்தினர். எட்டு வாரங்களில் 28 அமர்வுகள். வாரத்திற்கு மும்முறையேனும் இயல்பாகவும் முழுமையாகவும் மலம் கழித்தோர், மெய்யூசி பெற்றோருள் நூற்றுக்கு 31 பேர். போலியூசி பெற்றோருள் 12 பேர். வேறுபாடு மெய்யானதே. எனினும் மூவருள் இருவர்க்கு அவ்வளவு பயன் கிட்டவில்லை என்பதையும் மறத்தலாகாது.

மேலும், அவர்களது மலச்சிக்கல் மருந்தால் வந்ததன்று. மருந்து நாள்தோறும் ஏற்பிகளை அடைத்துக்கொண்டிருக்க, ஊசி அதனை வெல்லும் எனக் கொள்வதற்கு இவ்வாய்வு சான்றாகாது. (மலமிளக்கிகளின் நிலையும் பெருமைக்குரியதன்று: மனநோய் மருந்தால் வரும் மலச்சிக்கல் பற்றிய 2017-ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வுக்குத் தக்க ஆய்வுகள் இரண்டே கிட்டின.) ஆதலின் ஊசியை மலமிளக்கிக்குத் துணையாகக் கொள்ளலாம், மாற்றாகக் கொள்ளுதல் தவறு. குளோசபின் உண்போர் அதனைக் குத்தூசி மருத்துவரிடம் முன்னரே கூறவேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருப்பின் ஊசித்துளையும் நோய்த்தொற்றுக்கு வாயிலாகும். ஒருமுறையே பயன்படும் தூய ஊசியன்றிப் பிறிதை ஏற்றல் கூடாது.

இயக்கம் குன்றிய குடலில் இசப்கோல் போன்ற நார்ப்பொருள் தேங்கி அடைத்துக்கொள்ளலாம். சென்னா, மேக்ரோகால் போன்றவற்றையே மருத்துவர் தருவர். நோன்பு மாதத்தில் பகலில் நீரருந்தாமையால் சிக்கல் மிகலாம். நோயுற்றோர் பின்னர் நோற்கும் சலுகை மார்க்கத்தில் உண்டாகையால், முன்னதாகவே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுதல் தகும். வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வருமாயின் ஊசிக்குச் செல்லும் நேரம் அதுவன்று. உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டும்.