நாளுக்கு ஒரு காசு

மூலவருக்குத் தீபாராதனை கண்டு, பிராகாரம் வலம் வந்து, கொடிமரத்தருகே சற்றே அமரும் வேளையில் முதியோர் பலரது உள்ளத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். எங்கிருந்தோ எதிர்பாராமல் ஒரு கோடி ரூபாய் வந்துவிட்டால்? மகள் வீட்டுக் கடன், பேரனின் படிப்பு, அண்டை வீட்டு விதவையின் மருத்துவச் செலவு, பாழடைந்த குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம், நித்திய அன்னதானம் என்று அது நீண்டுகொண்டே போகும். தமிழக அரசு 1968இல் தொடங்கிய பரிசுச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டது. சீட்டுப் போனது, கணக்குப் போகவில்லை. அதன் கடைசி வரியில், உபயதாரர் பெயர் எழுதிய குழல்விளக்கு ஒன்றும் மங்கலாகத் தெரிவதுண்டு!

இக்கனவு நனவான தலம் ஒன்று திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்தை அடுத்து உள்ளது. விண்ணிழி விமானத்தின் கீழ் வீழிநாதர் எழுந்தருளியிருக்கும் திருவீழிமிழலையே அது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அங்கே தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்தது, ஆறுகள் வறண்டன, கொடிய பஞ்சம் சூழ்ந்தது. உடன் வந்த அடியார்களும் ஊராரும் பசியால் வாடுவதைக் கண்ட இருவரும் இறைவனை நினைந்து துயில்கொண்டனர். கனவில் தோன்றிய பெருமான், கால வேறுபாட்டால் அவ்விருவர் மனமும் தளராது என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், அவர்களைச் சார்ந்த அடியார்களின் வாட்டம் தீரவே நாள்தோறும் காசு வைப்பதாகவும் அருளினார் என்கிறது பெரியபுராணம்.

மறுநாள் காலையில் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும், மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் ஒவ்வொரு பொற்காசு இருந்தது. குடம் குடமாகப் பொன் குவியவில்லை. அன்றன்றைக்கு ஒரு காசு. அது அன்றே அரிசியும் பருப்புமாகிப் பந்திக்கு வந்துவிடும். அடியார்கள் அனைவரும் வந்து அமுது செய்யலாம் என்று பறையறைந்து அறிவிக்கப்பட்டது.

இங்குதான் வரலாறு சுவை மிகுகிறது. அப்பர் திருமடத்தில் உரிய வேளையில் இலை போடப்பட்டது. சம்பந்தர் திருமடத்திலோ நாள்தோறும் தாமதம். பசித்து வந்தவர்கள் காத்துக் கிடந்தனர். காரணம் என்னவென்று பிள்ளையார் பரிசனங்களைக் கேட்டார். அப்பர் பெறும் காசைக் கடைக்காரர்கள் மறுபேச்சின்றி ஏற்கின்றனர். இந்தக் காசுக்கோ வாசி, அதாவது வட்டம், கேட்கின்றனர். அதைத் தீர்த்துப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது ஏறிவிடுகிறது என்றனர் அவர்கள்.

கடவுள் கொடுத்த காசுக்கே கடைத்தெருவில் வட்டம்! பிறராயின் வணிகரை நொந்திருப்பர். சம்பந்தர் அவ்வாறு செய்யவில்லை. அப்பரடிகள் உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு புரிகிறார். ஆகவே அவருக்கு வாசியில்லாக் காசு கிடைக்கிறது என்று உணர்ந்தார். அம்மையின் ஞானப்பாலை உண்ட பிள்ளைக்குச் சலுகையும், முதுமையில் புல் செதுக்கியவருக்குக் கூலியும் என்று பெரியோர் இதனை விரிப்பர். சலுகையைவிடக் கூலி நல்ல காசாக இருந்தது என்பதை எண்ண எண்ண நெஞ்சு கசிகிறது.

மறுநாள் சம்பந்தர் வாசி தீர்ந்த காசு வேண்டிப் பதிகம் பாடினார். அது தமக்காகக் கேட்டதன்று. காத்திருந்த பந்திக்காகக் கேட்டது. பெருமானும் அவ்வாறே நற்காசு அருள, அன்றுமுதல் இரு திருமடங்களிலும் உரிய வேளையில் அமுது படைக்கப்பட்டது.

பின்னர் மழை பெய்தது, வயல் விளைந்தது, பஞ்சம் நீங்கியது. காசு இருந்த பீடங்களை அங்கேயே விட்டு, வீழிநாதரிடம் விடைபெற்று, இருவரும் அடியார்கள் சூழத் திருமறைக்காடு செல்லும் வழியில் நடக்கலாயினர். அப்பரின் கையில் அந்த உழவாரப்படை இருந்தது.