கிட்டார் ஸ்பீக்கருக்கு நாமே பெட்டி செய்யலாமா?

நம்மிடம் சரக்கெடுக்கும் வேங்கிக்கால் மளிகைக்கடை அன்பர் ஒருவரின் மகன் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். ஆம்ப்ளிஃபயரும் 12 அங்குல ஸ்பீக்கரும் கையில் இருக்கின்றன; ஸ்பீக்கர் பெட்டிக்குச் சொல்லும் விலைதான் கட்டுப்படியாகவில்லை. "வெறும் பெட்டிதானே, நம் ஊர்த் தச்சரை வைத்துச் செய்தால் என்ன?" என்று அன்பர் கேட்டார். தாராளமாகச் செய்யலாம். ஆனால் "வெறும் பெட்டி" என்பதை மட்டும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சாக்கைப் பிரித்துக் கொட்டினாலும் சர்க்கரை இனிக்கும். பெட்டியை எடுத்துவிட்டால் ஸ்பீக்கர் பாதி ஊமை.

காரணம் இதுதான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து கலந்து ஒன்றையொன்று தீர்த்துவிடும். வரவும் செலவும் சமமானால் ஏட்டில் மிச்சம் ஏது? இந்த நஷ்டம் தாழ்ந்த சுருதியில்தான் மிக அதிகம். அதைத் தடுப்பதுதான் பெட்டியின் வேலை.

இத்தொழிலில் உலகப் புகழ் பெற்றவரும் ஒரு கடைக்காரரே என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான செய்தி. ஜிம் மார்ஷல் என்பவர் 1960-ல் லண்டன் ஹான்வெல் பகுதியில் டிரம் வாத்தியக் கடை திறந்தார். கடைக்கு வந்த கிட்டார் வாசிப்போர், தங்களுக்கு வேண்டிய ஆம்ப்ளிஃபயர் கிடைக்கவில்லை, அமெரிக்கச் சரக்கோ விலை அதிகம் என்று குறைபட்டனர். அதைக் காது கொடுத்துக் கேட்டவர், பழுது பார்ப்பவர் ஒருவரையும் ஓர் இளைஞரையும் வைத்து 1962-ல் தாமே ஒன்றைத் தயாரித்தார். அக்காலத்து 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று 15, 20 வாட்தான் தாங்கும் என்பதால், ஒரே பெட்டியில் நான்கை வைத்தார். 1965-ல் பீட் டவுன்ஷெண்ட் என்ற கலைஞர் எட்டு ஸ்பீக்கர் கொண்ட பெட்டி கேட்டார். கனம் தாங்காது என்று மார்ஷல் எச்சரித்தும் கேட்கவில்லை. தூக்கிச் சுமந்தவர்கள் புலம்பிய பிறகு பெட்டியை இரண்டாக்கி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்படி செய்தார்கள். அந்த அடுக்கே பின்னாளில் மேடைகளின் அடையாளமாயிற்று. மார்ஷல் 2012-ல் காலமானார்.

இனி மரம். வீணைக் குடமும் தவிலும் பலாமரத்தில் செய்கிறார்களே, இதற்கும் பலாப் பலகை போடலாமா என்றார் அன்பர். வேண்டாம். வீணைக் குடம் தானும் அதிர்ந்து பாட வேண்டும். இங்கே பாடுவது ஸ்பீக்கர், பெட்டி அசையாமல் நிற்க வேண்டும். தனிப்பலகை மழைக்காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி இணைப்பு விடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டே சரி. ஐ.எஸ். 710 என்பது மரைன் ரகம், ஐ.எஸ். 303 சாதாரண ரகம். முத்திரையைப் பார்த்து வாங்குக. மரத்தூள் அழுத்திய போர்டு மலிவுதான். ஆனால் ஈரம் பட்டால் உப்பும், திருகும் பிடிக்காது. 20 அங்குல அகலம், 18 உயரம், 12 ஆழம் என்றால் ஆறு பக்கமும் சேர்த்துச் சுமார் பதினொன்றரை சதுர அடி. எட்டுக்கு நான்கு அடி ஷீட்டில், வெட்டுக்கழிவு போக, இரண்டு பெட்டி தேறும். கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் மரச்செலவு பாதி.

இணைப்புகளில் பசை தடவித் திருகு போட வேண்டும். சந்து இருந்தால் பெட்டி கரகரக்கும். பின்பலகையை மட்டும் ஒட்டாமல், மூன்று துண்டாகத் திருகில் நிறுத்துக. முழுவதும் மூடினால் தாழ்ந்த சுருதி இறுக்கமாக வரும். நடுத்துண்டைக் கழற்றினால் ஒலி பின்னாலும் பரவும், கனம் குறையும். இரண்டையும் வாசித்துப் பார்த்துப் பையனே முடிவு செய்யட்டும்.

பணம் கருகுவது ஒயரில்தான். ஸ்பீக்கர் தாங்கும் வாட், ஆம்ப்ளிஃபயரின் வாட்டை விடக் கூடுதலாக இருப்பது நல்லது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைத் தொடராக இணைத்தால் 16 ஓம், பக்க இணைப்பில் 4 ஓம். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் அச்சிட்ட ஓம் அளவுக்குக் கீழே போகக் கூடாது. வால்வு வகையை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது. அதைத் திறந்து பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் தள்ள வேண்டும். நம் கடையில் விற்கும் ஒன்றரை வோல்ட் டார்ச் செல்லை, பிளஸ்ஸுக்குப் பிளஸ் வைத்து ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே அசையும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒன்றின் ஒயரை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பெட்டி செய்தும் அந்தப் பழைய நஷ்டமே!

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் கூட்டம் வரும் ஊராயிற்றே, அதே பெட்டியைக் கடை வாசலில் தள்ளுபடி அறிவிப்புக்கும் வைக்கலாமா என்பது அன்பரின் கடைசிக் கேள்வி. சரிப்படாது. கிட்டார் ஸ்பீக்கரில் மேல் சுருதி குறைவு. பேச்சு தெளிவாக வராது. மேலும், 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் வைப்பதற்கில்லை. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல்தான் அளவு.