மறைந்த வடத்தின் குரல்

பள்ளியொன்றின் கணினி ஆய்வகத்தில் இருபது நீலநிற வடங்கள் ஒரே கட்டாகச் சுவருக்குள் நுழைகின்றன. நிறத்திலும் பருமனிலும் அவற்றிடையே வேறுபாடில்லை. முனைகளில் ஒட்டப்பட்டிருந்த எண்சீட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. பதினேழாம் மேசையின் கணினி மட்டும் தொடர்பை இழந்துள்ளது. அதற்குரிய வடம் எது? ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தால் நல்ல இணைப்புகளும் தளர்ந்துவிடும். ஊகத்தின்பேரில் ஒன்றை வெட்டினால் பழுதில்லாத கணினியும் செயலிழக்கக்கூடும்.

இத்தகைய இடர்ப்பாட்டுக்குத் தொலைபேசிப் பணியாளர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே தீர்வு கண்டனர். வடத்தின் ஒரு முனையில், செவிக்குப் புலனாகும் அதிர்வெண்ணில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் செலுத்துவர். மறுமுனைக்குச் சென்று, எந்த வடத்தருகே அவ்வொலி கேட்கிறது என ஒரு சிறு பெருக்கியைக் கொண்டு தேடுவர். கம்பியின் உறையை அங்கு உரிக்க வேண்டுவதில்லை. ஒலியனுப்பி, ஒலியேற்பி ஆகிய இவ்விரு கருவிகளையும் எளிய உறுப்புகளைக் கொண்டு வீட்டிலேயே அமைக்கலாம்.

அமைப்பைக் காணுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது. மின்னிணைப்பு முற்றிலும் துண்டிக்கப்பட்ட கம்பிகளுக்கு மட்டுமே இக்கருவி உரியது. 230 வோல்ட் உள்ள கம்பியில் இதனை இணைத்தால் கருவி எரிவதோடு, அதனைப் பிடித்திருப்பவரின் உயிருக்கும் கேடு நேரும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்னும் நம்பிக்கை போதாது. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், மெயின் சுவிட்ச் அணைந்த மறுகணமே சில கம்பிகள் மின்கலத்திலிருந்து உயிர்பெற்றுவிடும். ஆகவே மாணவர்கள் கணினி, தொலைபேசி ஆகியவற்றின் வடங்களில், அதுவும் இரு முனைகளையும் பொறிகளிலிருந்து விடுவித்த பின்னரே, இதனைப் பயன்படுத்துதல் வேண்டும். வீட்டு மின்கம்பிகளைத் தேடுவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

ஒலியனுப்பி

ஒலியனுப்பியின் உயிர்நாடி 555 என்னும் காலக்கணிப்புச் சில்லு. ஹான்ஸ் காமென்சிண்ட் என்பவர் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-இல் வடிவமைத்த இச்சில்லு, 1972-இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் மின்னணுவியல் பயில்வோர் முதலில் கையிலெடுக்கும் சில்லுகளுள் இது ஒன்று. இதனுடன் இணைந்த மின்தேக்கி மின்தடைகளின் வழியே மெல்ல நிரம்பும். அதன் மின்னழுத்தம், வழங்கப்படும் மின்னழுத்தத்தில் மூன்றில் இரு பங்கை எட்டியதும் சில்லு அதனை வடியச் செய்யும். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் மீண்டும் நிரம்ப விடும். இந்த ஏற்ற இறக்கத்திற்கேற்ப வெளியீடு உயர்வதும் தாழ்வதுமாகச் சதுர அலை பிறக்கிறது.

சில்லின் 4, 8 ஆகிய கால்கள் 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையோடும், 1-ஆம் கால் எதிர்முனையோடும் சேரும். நேர்முனைக்கும் 7-ஆம் காலுக்கும் இடையே 10 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் இடையே 68 கிலோ ஓம் மின்தடைகள் அமையும். 2, 6 ஆகிய கால்களை ஒன்றாக இணைத்து, அங்கிருந்து எதிர்முனைக்கு 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சேர்க்க வேண்டும். 1.44 என்னும் எண்ணை, முதல் மின்தடையுடன் இரண்டாவதன் இருமடங்கைக் கூட்டி மின்தேக்குத்திறனால் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். இவ்வளவுகளுக்கு விடை ஏறத்தாழ 986 ஹெர்ட்ஸ். 3-ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு முதலைக் கவ்வியும், எதிர்முனையிலிருந்து மற்றொரு கவ்வியும் வெளிவரும். கவ்விகள் தவறுதலாக ஒன்றையொன்று தொட்டாலும் சில்லு கெடாதவாறு அந்த மின்தடை காக்கும்.

ஒலியேற்பி

கம்பியும் ஏற்பியின் தேடுமுனையும் தொடாதபோதும் அவற்றிடையே மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று இயல்பாகவே அமைந்துவிடுகிறது. அதன் திறன் ஒரு பிக்கோஃபாரட் எனக் கொண்டால், 1000 ஹெர்ட்ஸில் அதன் மறுப்பு ஏறத்தாழ 16 கோடி ஓம். அத்தனை பெரிய தடையைக் கடந்துவரும் மின்னோட்டம் மிக நுண்ணியது. எனவே, உள்ளீட்டில் மின்னோட்டத்தை ஏறக்குறைய உறிஞ்சாத என்-வகைச் சந்திப் புலவிளைவு டிரான்சிஸ்டர் வாயிலில் நிற்கிறது. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள உறையிட்ட செம்புக்கம்பி அதன் கேட் முனையில் சேரும். அங்கிருந்து எதிர்முனைக்கு 10 மெகா ஓம். டிரெயின் நேர்முனைக்குச் செல்லும். சோர்ஸிலிருந்து 10 கிலோ ஓம் எதிர்முனைக்குச் செல்லும்.

சோர்ஸிலிருந்து 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக 10 கிலோ ஓம் ஒலியளவுத் திருகியை அடையும் மின்குறிப்பு, அதன் நடுமுனையிலிருந்து எல்.எம்.386 பெருக்கிச் சில்லுக்குள் செல்லும். அச்சில்லின் 1, 8 ஆகிய கால்களிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைச் சேர்த்தால் பெருக்கம் 20-இலிருந்து 200 ஆகும். இடையிலுள்ள சிறிய மின்தேக்கி வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அது முப்பதில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்து, தேடும் ஒலியில் ஏறத்தாழப் பாதியை உள்ளே விடுகிறது. பெரிய மின்தேக்கியைச் சேர்த்துவிட்டு, இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லையே என வருந்துவோர் பலர். ஏற்பிக்குத் தனி மின்கலம் வேண்டும். அதன் எதிர்முனையோடு இணைந்த உலோகத் தகட்டை விரல் தொட்டிருந்தால் ஒலி தெளிவடையும்.

இணைக்கம்பிகளின் மௌனம்

கணினி வடத்தினுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. இம்முறுக்கிய இணைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். ஒரு கம்பியில் மின்னழுத்தம் உயரும்போது மற்றதில் அதே அளவு தாழுமாயின், இரண்டின் விளைவுகளும் சற்றுத் தொலைவில் ஒன்றையொன்று அழித்துவிடும். அருகிலுள்ள வடங்களுக்குத் தொல்லை தராதிருப்பதற்கான ஏற்பாடு இது. ஆனால், தேடுவோருக்கு அதுவே தடையாகிறது. ஒலியனுப்பியின் இரு கவ்விகளையும் ஒரே இணையின் இரு கம்பிகளில் பொருத்தினால் வடம் ஏறத்தாழ மௌனமாகிவிடும்.

வழி எளியது. ஒரு கவ்வியை வடத்தின் ஒரு கம்பியிலும், மற்றொன்றை ஈரமண்ணில் ஊன்றிய இரும்புக் கம்பியிலும் பொருத்த வேண்டும். மண் கிடைக்காத இடத்தில், வேறோர் இணையைச் சார்ந்த கம்பி உதவும். சமநிலை குலைந்ததும் வடம் தன் நீளம் முழுவதும் பேசத் தொடங்கும்.

அப்போது வேறொரு சிக்கல் எழும். கட்டிலுள்ள அண்டை வடங்களும் ஒலியைக் கடன்பெற்று ஒலிக்கும். ஒலியளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசிவரை கேட்கும் வடத்தைத் தேர்வது முதற்படி. உறுதி செய்ய, ஒலியனுப்பியின் கவ்விகளை ஒரே இணைக்கு மாற்றி, தேர்ந்த வடத்தின் மறுமுனையில் அவ்விணையின் இரு கம்பிகளுக்கு மிக அருகே தேடுமுனையை வைத்துக் கேட்க வேண்டும். பின் அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்தால் ஒலி அறவே அடங்கும். அடங்கவில்லையெனில் அது வேறு வடம்.

அறுந்த கம்பியையும் இவ்வாறே காணலாம். மின்னோட்டம் பாயாவிடினும் மின்னழுத்தம் அறுந்த இடம்வரை சென்று நிற்கும். தேடுமுனை அவ்விடத்தைக் கடக்கையில் ஒலி சட்டெனத் தாழும்.

சுவருக்குள் தேடும்போது பிளாஸ்டிக் குழாயினுள் செல்லும் வடம் நன்கு ஒலிக்கும். நிலத்தோடு இணைந்த இரும்புக் குழாய் ஒலியை மறைத்துவிடும். ஈரச்சுவர் அதனை மங்கச் செய்யும். ஒலி கேளாத இடத்தில் கம்பியே இல்லை எனக் கொண்டு துளையிடுதல் கூடாது. ஒலி செலுத்தப்பட்ட வடத்தை மட்டுமே ஏற்பி அறியும். அதன் அருகில் 230 வோல்ட் தாங்கிச் செல்லும் கம்பியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.