“உண்மையைத்தானே எழுதினேன்?”

சென்ற எபிசோட்டின் கடைசியில் ஒரு நேயரின் கேள்வியை வாசித்தோம். பதில் நீளமானது, ஆகவே இங்கே.

மொன்றியலில் ஒரு கடையில் வாங்கிய வோஷிங் மெஷின் 14 மாதத்தில் நின்றுவிட்டது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நேயர் கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு, கீழே நாலு வரி எழுதினார். மூன்று கிழமை கழித்துப் பதிவுத் தபாலில் பிரெஞ்சில் ஒரு கடிதம்: பத்து நாளுக்குள் அழி, இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்கு. வீட்டில அம்மா, “எங்களுக்கேன் கோர்ட்டும் கச்சேரியும், உடன அழி” எண்டு நிற்கிறா. நேயர் கேட்பது ஒன்றுதான்: “நான் உண்மையைத்தானே எழுதினேன்? உண்மை எழுதினா ஒண்டும் செய்ய ஏலாதெண்டுதானே யூடியூப்பில சொல்லுறாங்கள்?”

அந்த யூடியூப் ஆள் அமெரிக்கராகவோ ரொறன்ரோக்காரராகவோ இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் எழுதியது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அவதூறு வழக்கு அத்தோடு சரி. கியூபெக்கில் அப்படி இல்லை. இங்கே அவதூறுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. சிவில் கோவையின் 1457ஆம் பிரிவுதான் அடிப்படை: நீ தவறு செய்தாயா, மற்றவருக்குப் பாதிப்பு வந்ததா, அந்தத் தவறால்தான் வந்ததா. வழுக்கி விழுந்த படிக்கட்டுக்கும் இதே பிரிவு, உங்கட ரிவியூவுக்கும் இதே பிரிவு.

எது தவறு என்பதை உச்ச நீதிமன்றம் 2002இல் ப்ருடோம் எதிர் ப்ருடோம் என்ற வழக்கில் விளக்கியது. (இரண்டு பக்கமும் ஒரே குடும்பப் பெயர். எங்கட ஆக்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டினம்.) மொன்றியலுக்குப் பக்கத்தில் ரெப்பாந்தினி நகரசபையில் ஓர் உறுப்பினர் பேசிய பேச்சு பற்றிய வழக்கு அது. கடைசியில் உறுப்பினர் பக்கம்தான் தீர்ப்பு. ஆனால் அதில் நீதிமன்றம் மூன்று நிலைமைகளைச் சொன்னது. பொய் என்று தெரிந்தே, கெடுக்க வேண்டும் என்று சொல்வது ஒன்று. பொய் என்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனாலும் கவனமில்லாமல் பரப்புவது இரண்டாவது. மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியம்: உண்மையையே சொன்னாலும், தகுந்த காரணம் இல்லாமல் ஒருவரைப் பற்றிக் கூடாததைப் பரப்பினால் அதுவும் தவறு.

இதைக் கேட்டதும் கியூபெக் வாயை அடைக்கிறது என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. இதே விதி மறுபக்கமும் வெட்டும். ஒன்ராறியோவில் எழுதியவர்தான் உண்மையை நிரூபிக்க வேண்டும். இங்கே வழக்குப் போடுகிறவர் உங்கள் தவறை நிரூபிக்க வேண்டும். கவனமாக விசாரித்து, நல்லெண்ணத்தோடு எழுதிய ஒன்று பிறகு பிழை என்று தெரிய வந்தாலும், அது மட்டுமே உங்களைப் பொறுப்பாளியாக்காது.

ஆக, கேள்வி “உண்மையா” என்பதோடு நிற்பதில்லை, “ஏன் சொன்னாய்” என்பதும் சேர்ந்து வருகிறது. மெஷின் 14 மாதத்தில் நின்றது, கடை திருத்தித்தர மறுத்தது: வாங்கப் போகிற அடுத்தவருக்கு இது தேவையான தகவல், காரணம் இருக்கிறது. ஆனால் எங்கட சனம் ரிவியூ எழுதும் அழகு தெரியும்தானே. இரண்டாவது வரியிலேயே மெஷினை விட்டுவிட்டு, முதலாளி ஊரில் யாரிடம் சீட்டுக்காசு எடுத்தவர், மகள் யாரோடு போனவ என்று தொடங்கிவிடும். அது நூறு வீதம் உண்மையாக இருக்கலாம். வோஷிங் மெஷினுக்கும் அதுக்கும் என்ன தொடர்பு? அந்த வரிதான் உங்களை மாட்டவைக்கும்.

சொற்களும் அப்படித்தான். “காசைத் திருப்பித் தரவில்லை” என்பது நடந்த விஷயம். “கள்ளர்” என்பது குற்றச்சாட்டு. தமிழில் எழுதினால் யாருக்கு விளங்கும் என்று நினைக்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். வட்ஸ்அப் குழுவும் பாதுகாப்பு இல்லை. உங்களையும் கடைக்காரரையும் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் வாசித்தாலே அது பரப்பியதுதான். 200 பேர் இருக்கும் ஊர்ச்சங்கக் குழுவில், கூகுளை விட, அந்தக் கடைக்கு வரும் ஆட்களே கூட.

பெயரை மறைத்து எழுதலாமா என்றும் சிலர் கேட்டீர்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் கேட்கக்கூடாத கேள்வி. புதிய கணக்கு, வேறு பெயர், ஆனால் அதே வீட்டு ஐபி. நீதிமன்றம் உத்தரவிட்டால் நிறுவனம் அந்தப் பதிவுகளைக் கொடுக்கத்தான் வேண்டும்.

தளங்களும் இங்கே அமெரிக்காவில் போல் துணிந்து நிற்பதில்லை. 2023 மார்ச்சில் கியூபெக் உயர் நீதிமன்றம், பெயர் மறைக்கப்பட்ட ஒரு மொன்றியல்காரருக்கு கூகுள் 5 லட்சம் டொலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ரிப்ஓஃப் ரிப்போர்ட் என்ற அமெரிக்க நுகர்வோர் புகார்த் தளத்தில் யாரோ அவரைப் பற்றி மிக மோசமான பொய்க் குற்றச்சாட்டு எழுதியிருந்தார்கள். அவர் அதை 2007இல் கண்டுபிடித்து முறையிட்டும், கூகுள் தேடலில் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சட்டவிரோதமானது என்று தெரிந்த பிறகும் அகற்றாமல் இருந்ததுதான் பிரச்சினை. அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் இதன் பக்கவிளைவு: புகார் வந்தால் ஆராயாமல் தூக்கிவிடுவது தளத்துக்கு இலகு. உங்கள் நேர்மையான ரிவியூவும் அதில் போகலாம். ஸ்க்ரீன்ஷொட் வைத்திருங்கள்.

இனி அந்தக் கடிதம். அதன் பெயர் மீஸ் ஆன் டெமர். அது தீர்ப்பு அல்ல, சட்டத்தரணி இல்லாமல் யாரும் எழுதி அனுப்பலாம். வாயை அடைப்பதற்காகவே வழக்குப் போடுவதைத் தடுக்க 2009இல் கியூபெக் சட்டம் கொண்டுவந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்ததில் ஒன்று எக்கோசொசியேட்டே என்ற மொன்றியல் பதிப்பகத்தின் மீது பாரிக் கோல்ட் சுரங்க நிறுவனம் போட்ட 60 லட்சம் டொலர் வழக்கு. 2011இல் நீதிமன்றம், அந்த வழக்கு துஷ்பிரயோகம் போலத் தெரிகிறது என்று சொல்லி, பதிப்பகத்தின் செலவுக்கு 1 லட்சத்து 43 ஆயிரம் டொலருக்கு மேல் கட்டச் சொன்னது. அப்படியிருந்தும் சில மாதங்களில் சமரசமாகி, புத்தகம் விற்பனையிலிருந்து போய்விட்டது. சட்டம் இருப்பது வேறு, களைத்துப்போகாமல் நிற்பது வேறு.

கடைக்காரருக்கும் இது லேசல்ல. கியூபெக்கில் அவதூறு வழக்கைச் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் போட முடியாது. சாதாரண நீதிமன்றம், சட்டத்தரணி, செலவு. அதுவும் விஷயம் தெரிந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் நேயர் மெஷினுக்காகச் சிறு கோரிக்கை நீதிமன்றம் போகலாம்: 15,000 டொலர் வரை, பெரும்பாலும் சட்டத்தரணி இல்லாமல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி ஒரு பொருள் அதன் விலைக்கும் பாவனைக்கும் ஏற்ற நியாயமான காலம் உழைக்க வேண்டும். கடை விற்ற “எக்ஸ்டென்டட் வாரன்டி”யை வாங்கவில்லை என்பது அதை இல்லாமல் செய்யாது.

நான் சட்டத்தரணி அல்ல, சேர்வர் பார்க்கிற ஆள். அதனால் நேயரை முதலில் மொன்றியல் சென்ட்ர் டு ஜுஸ்டீஸ் டு ப்ரொக்ஸிமிட்டேக்குப் போகச் சொன்னேன், அங்கே சட்டத் தகவல் இலவசம். போன கிழமை பதில் வந்தது. ரிவியூ இன்னும் கூகுளில் இருக்கிறது. “ஏமாத்துக்காரர்” என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வாங்கிய திகதி, நின்ற திகதி, கடை சொன்ன பதில் மூன்றையும் போட்டிருக்கிறார். ஸ்டார் ஒன்றுதான். கடைக்கு அவரும் ஒரு மீஸ் ஆன் டெமர் அனுப்பியிருக்கிறார், பிரெஞ்சில், தங்கச்சி எழுதிக் கொடுத்தவவாம்.