பயிற்சியில் ஓட்டினோம், வயலில் ஏன் தடுமாறுது?

2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், மருந்தடிக்கும் ட்ரோனுக்கு 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 8 லட்ச ரூபாய் மானியம் என்பது பலருக்கும் தெரிந்ததே. மீதித் தொகைக்குக் கடன். ட்ரோன் விழுந்து உடைந்தாலும் தவணை நிற்காது.

"மைதானத்துல நல்லாத்தானே ஓட்டினேன், வயல்ல மட்டும் ஏன் தடுமாறுது?" என்று ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார். கை பழகிவிட்டது. இடம்தான் புதுசு.

அடுப்பில் பால் வைத்தால் நுரை ஏறுவதைப் பார்க்கிறோம், பொங்கப் போகிறது என்று புரிந்துகொள்கிறோம், எப்போது அணைக்கணும்னு முன்கூட்டியே கணக்குப் போடுகிறோம். பார்த்தல், புரிதல், முன்னறிதல் என்ற இந்த மூன்றையும் சேர்த்து 'சூழல் உணர்வு' என்று மைக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995-ல் விளக்கினார். பார்ப்பதே தவறினால் மற்ற இரண்டும் சேர்ந்து போய்விடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டே பால் காய்ச்சினவர்களுக்கு இது தெரியும்!

விமானத்துக்குள் இருக்கும் பைலட்டுக்கு அதிர்வு, சாய்வு உடம்பிலேயே தெரியும். நாம் வரப்பில் நிற்கிறோம். கண்ணும் காதும்தான் துணை. உச்சி வெயிலில் ரிமோட் திரை சரியாகத் தெரியாது. திரையைக் குனிந்து பார்த்துவிட்டு வானத்தை நிமிர்ந்து பார்த்தால் கண் கூசி, ட்ரோன் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். அந்த இரண்டு நொடியிலும் அது பறந்துகொண்டுதான் இருக்கும். அதனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். காற்று வரும் பக்கம் நின்றால் மருந்தும் முகத்தில் படாது. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் தெளிப்பை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள்.

கரண்ட் கம்பிதான் பெரிய ஆபத்து. வானத்தின் பின்னணியில் மெல்லிய கம்பி கண்ணுக்குப் படாது. ட்ரோன் தூரம் போய்விட்டால் அது கம்பிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று சொல்வதும் கஷ்டம். கம்பியைத் தேடாமல் கம்பத்தைத் தேடுங்கள். போஸ்ட்டு, இழுவைக் கம்பி, தென்னை எல்லாவற்றையும் பறக்கவிடும் முன்பே நடந்து பார்த்துவிட வேண்டும்.

அப்புறம் வேடிக்கை பார்க்கிற கூட்டம். "எவ்வளவும்மா விலை?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும்போது மோட்டார் சத்தம் மாறினாலும் காதில் விழாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்தவும், கம்பிப் பக்கம் கண் வைக்கவும் ஒருவர் கட்டாயம் கூட வேண்டும். திட்டத்திலேயே உதவியாளருக்கும் பயிற்சி உண்டு. கூலி மிச்சம் என்று அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது எங்களுக்குச் சம்மதமில்லை. ஏக்கருக்கு வாங்கும் வாடகையிலேயே அவர் கூலியையும் சேர்த்துக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதிவிடுங்கள்.