வீட்டு நாய்க்கு முதலுதவி: கை வைக்கும் முன் யோசியுங்கள்!

“சித்த வைத்தியருக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்கலாம். மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வருகிறவர்கள், பொட்டலத்தைப் பையில் வைத்துக்கொண்டே, “சார், வீட்ல நாய் ரெண்டு நாளா சாப்பிடலை. கஷாயம் கிஷாயம் ஏதாவது குடுக்கலாமா?” என்று கேட்கிறார்கள். மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம். ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாயின் உடம்பு நம் உடம்பு அல்ல. நமக்கு மருந்தாகிற பல பொருள்கள் அதற்கு நஞ்சு. நாய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர்தான். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை உயிரைக் காப்பாற்றி வைப்பதுதான் முதலுதவி. வீட்டில் நாய் வளர்க்கும் எல்லோரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் பாதுகாப்பு

“எங்க நாய் எங்களைக் கடிக்காதுங்க” என்பீர்கள். நல்ல நேரத்தில் கடிக்காது. அடிபட்டு வலியில் துடிக்கும்போது எஜமானரையும் கடிக்கும். அதன் குற்றம் அல்ல, வலியின் குற்றம்.

பழைய வேட்டியில் நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொள்ளுங்கள். மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு குறுக்கு, பிறகு காதுகளுக்குப் பின்னால் முடிச்சு. அவ்வளவுதான். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது. நினைவு தப்பி விழுந்த நாயை ஒரு பலகையிலோ கெட்டியான போர்வையிலோ கிடத்தி, அப்படியே தூக்கிச் செல்லுங்கள்.

நல்ல நாள் அளவு தெரியுமா?

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட அதிகம். தொட்டுப் பார்த்து “காய்ச்சல் அடிக்குது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்பும். ஈறு வெளுத்தே கிடந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

ரத்தமும் தீக்காயமும்

ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எடுத்தால் உறைந்த ரத்தம் பெயர்ந்து மறுபடி வழியும். துணி நனைந்துவிட்டால் அதன் மேலேயே இன்னொரு துணி. காப்பித் தூள், சுண்ணாம்பு, மஞ்சள் என்று அடுப்படியில் இருப்பதையெல்லாம் காயத்தில் அப்ப வேண்டாம். சிறு காயத்தைக் கழுவ, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு கரைத்த நீர் போதும்.

தீபாவளி சமயத்தில் பட்டாசு பட்டோ, அடுப்படியில் சுடுகஞ்சி கொட்டியோ வெந்துவிட்டால், குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடமாவது அந்த இடத்தில் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் கூடாது.

கத்திரி வெயில்

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பூட்டிய காருக்குள்ளோ தகரக் கூரையின் கீழோ கட்டிப்போட்டால் சிறிது நேரத்தில் உயிருக்கே ஆபத்து. கடும் இரைப்பு, கெட்டியான எச்சில், செக்கச் சிவந்த ஈறு, தள்ளாட்டம் இவை வெப்பத் தாக்குதலின் அடையாளம்.

நிழலுக்குக் கொண்டு வாருங்கள். உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலும் குளிர வைத்தால் உடம்பு ஒரேயடியாகச் சில்லிட்டுப் போகும். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உள்ளுறுப்புகள் கெட்டிருப்பது பிறகுதான் தெரியும்.

நமக்கு மருந்து, நாய்க்கு நஞ்சு

சித்த மருத்துவக் கல்லூரியில் நஞ்சு நூலும் ஒரு பாடம். அதைப் படித்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

வெங்காயமும் பூண்டும் நமக்கு நல்லவை. நாய்க்கோ ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மிச்சமான சால்னாவை ஊற்றும் முன் யோசியுங்கள். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட் இதயத்தைத் தாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிடால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். வாசலில் பூக்கும் அரளியும், பூஜை அறைக் கற்பூரமும், ரோஜாத் தொட்டிக்குப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கும் நாய்க்கு ஆகாதவை.

“காய்ச்சலுக்கு அரை பாராசிட்டமால் குடுத்தேன் சார்” என்கிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். ஐபுபுரோஃபெனும் வேண்டாம். அதேபோல், சூரணமோ கஷாயமோ நம் இஷ்டத்துக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

நாய் விஷத்தைத் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவை ஏறி வரும்போது இன்னொரு தடவை புண்ணாக்கும். தின்றது என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். சில எலி மருந்துகள் தின்ற நாய் ஓரிரு நாள் நன்றாகவே திரியும். பிறகுதான் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு ஊசிதான் வழி.

எலும்பு சிக்கியதா, வெறிநோயா?

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நாய் தவிக்கிறது. “தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு” என்று வீட்டுக்காரர் கையை உள்ளே விடுகிறார். எலும்பாகவும் இருக்கலாம். ஆனால் வெறிநோயின் ஒரு வகையிலும் தாடை தொங்கி, தொண்டை செயலிழந்து, இதே போலத்தான் இருக்கும். அந்த நாய் யாரையும் துரத்தாது, குரைக்கக்கூடச் செய்யாது. கடிக்காவிட்டாலும் கையில் உள்ள ஒரு சிறு கீறலில் அந்த எச்சில் பட்டால் போதும். தடுப்பூசி போடாத நாய், சில நாளாகக் குணம் மாறிய நாய், தெருநாயிடம் கடிபட்ட நாய் என்றால் வாயில் கை விடவே கூடாது. தனியறையில் அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

நாய் கடித்துவிட்டால், நகத்தால் கீறிவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள்கள். தசையில் போட்டால் 14-ஆம் நாளும் ஒன்று. ரத்தம் வரும் கடிக்குக் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம்தான்.

“பச்சிலை குடுத்து சரியாக்கிடலாம்ல சார்?” என்று கேட்பவர்களுக்குச் சித்த வைத்தியனாகிய நான் சொல்லும் பதில்: முடியாது. 1885-இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டு வழி காட்டினார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இலேயே வந்துவிட்டது. அறிகுறி தொடங்கிவிட்டால் வெறிநோய்க்குக் கிட்டத்தட்ட யாரும் தப்புவதில்லை. தொடங்கும் முன் போட்ட ஊசியோ உயிரைக் காக்கிறது. குட்டி நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்கிறபடி மறுஊசியும் தவறாமல் போட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒரு பெட்டி

பஞ்சு, காஸ் துணி, கட்டுத் துணி, வெப்பமானி, கத்தரிக்கோல், உண்ணி எடுக்க இடுக்கி, கையுறை, பழைய போர்வை. கூடவே நாயின் தடுப்பூசி அட்டை. பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். இரவில் திறந்திருப்பது எது என்று இன்றைக்கே விசாரித்து, அதையும் எழுதிவையுங்கள்.