மலையில் எடுத்த படம் யாருக்குச் சொந்தம்? கியா பார்ம் படைப்பாளர்கள் அறிய வேண்டிய உரிமைகள்

வார இறுதியில் கேமரன் மலையின் கியா பார்ம் சந்தைக்குப் போகிறவர்கள் காய்கறியும் ஸ்ட்ராபெரியும் வாங்குவதற்கு முன் கைத்தொலைபேசியை எடுத்துவிடுகிறார்கள். சற்று மேலே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், அதற்கும் மேலே பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடு. 1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இங்குள்ள தேயிலைச் சரிவுகளை வெளியார்தான் அதிகம் படம் எடுத்துவந்தார்கள். இன்று லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளே சமையல், தோட்டம், பயணம், கைவினை என்று தங்கள் வாழ்க்கையைக் காணொளியாகப் பதிவு செய்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துச் சமையலுக்கு நாடே கைதட்டும் என்பதைப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் சுகு, பவித்ரா இணையர் 2020-இலேயே காட்டினார்கள்.

ஆனால் காணொளி பிரபலமானதும் சிக்கல்களும் வருகின்றன. படத்தை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள், பேசிய பணம் வருவதில்லை, முகம் தெரியாதவர்கள் வசை பாடுகிறார்கள். இவை மூன்றுக்கும் மலேசியச் சட்டத்தில் வழி உண்டு. அந்த வழி திறக்க வேண்டுமானால் உங்கள் கையில் எழுத்துச் சான்று இருக்க வேண்டும். அதைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

காப்புரிமை: எது உங்களுடையது?

1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எடுத்த படத்துக்கும் காணொளிக்கும் எழுத்துக்கும் எந்தப் பதிவும் இல்லாமலேயே காப்புரிமை உண்டு. விரும்பினால் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைப்போவில் படைப்பை முன்கூட்டியே தெரிவித்து வைக்கலாம். இது கட்டாயமல்ல. தகராறு வந்தால் அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும்.

சட்டம் காப்பது உங்கள் வெளிப்பாட்டைத்தான். யோசனையையோ செய்முறையையோ அல்ல. உங்கள் வீட்டு மீன்குழம்பின் செய்முறையை இன்னொருவர் தம் அடுப்பில் சமைத்துக் காட்டினால் தடுக்க முடியாது. நீங்கள் எடுத்த காணொளியை அவர் தம் பக்கத்தில் ஏற்றினால் அது மீறல்.

பணம் கொடுத்தவருக்கே போகும் உரிமை

பலருக்குத் தெரியாத பிரிவு இதுதான். ஒருவர் கட்டணம் பேசி உங்களிடம் வேலை ஒப்படைத்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை அந்தப் படைப்பின் காப்புரிமை ஒப்படைத்தவருக்கு மாறிவிட்டதாகவே சட்டத்தின் 26-ஆம் பிரிவு கொள்கிறது. ஒரு தங்கும் விடுதி 300 ரிங்கிட் கொடுத்துப் பத்துப் படம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எதுவும் எழுதி வாங்காவிட்டால், அடுத்த ஆண்டு அதே படங்கள் நாட்காட்டியிலும் நெடுஞ்சாலை விளம்பரப் பலகையிலும் வந்தாலும் கேட்பதற்கு உங்களுக்கு இடமிருக்காது.

எனவே வேலையைத் தொடங்கும் முன் இப்படி எழுதி அனுப்புங்கள்: “படங்களின் காப்புரிமை எடுத்தவருடையது. விடுதி தன் சமூக ஊடகப் பக்கத்தில் ஓராண்டு பயன்படுத்தலாம். அச்சுக்கும் விளம்பரப் பலகைக்கும் தனிக் கட்டணம். பாதித் தொகை முன்பணம், மீதி படம் கொடுத்த 14 நாளில்.” அவர்கள் “சம்மதம்” என்று பதில் எழுதிய பிறகே கேமராவைத் தூக்குங்கள். பெரிய தொகை என்றால் இருவரும் கையெழுத்திட்ட தாள் இன்னும் நல்லது.

திருடப்பட்டால் என்ன செய்வது?

முதலில், மீறிய பக்கம் முழுவதையும் திரைப்பிடிப்பு எடுங்கள். தேதி, நேரம், கணக்கின் பெயர், இணைப்பு முகவரி அனைத்தும் அதில் தெரிய வேண்டும். உங்கள் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். செயலிக்காகச் சுருக்கிய பிரதியை விட, கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பே வலுவான சாட்சி. அதை வெளிச் சேமிப்பகத்திலும் ஒரு படி வையுங்கள்.

பிறகு அந்தத் தளத்தின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். மலேசியச் சட்டத்தின்படி முறையான அறிவிப்பு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் இணையச் சேவையாளர் மீறிய பொருளை நீக்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழும் என்பதால், சொந்தப் படைப்புக்கு மட்டுமே புகார் செய்யுங்கள். வணிக அளவில் திருட்டு நடந்தால் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் அமலாக்கப் பிரிவிடம் போகலாம்.

பேசிய கட்டணம் வராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். படிவம் 198-ஐ நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த “சம்மதம்” என்ற பதில்தான்.

பிறர் முகத்துக்கும் மரியாதை

உரிமை கேட்கும் நாம் பிறர் உரிமையையும் காக்க வேண்டும். தேயிலைத் தோட்டம் தனியார் நிலம். உள்ளே படம் எடுக்க நிர்வாகத்தின் அனுமதி தேவை. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். வெயிலில் குனிந்து நிற்கும் ஒருவரின் முகத்தைக் கேட்காமல் எடுத்து, சோகப் பாட்டுப் போட்டு விருப்பக்குறி சேர்ப்பது நியாயமல்ல. நம் தாத்தா பாட்டிகளை அப்படிப் படம் எடுத்தபோது அவர்களிடமும் யாரும் கேட்கவில்லை. தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சாலையோரம் தேன் விற்கும் ஓராங் அஸ்லி குடும்பங்களின் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதமின்றிப் படம் எடுக்கவே வேண்டாம்.

விளம்பரமும் வரியும்

பணமோ இலவசத் தங்கலோ பெற்றுப் பாராட்டினால், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். 2022-ஆம் ஆண்டின் உள்ளடக்க நெறிமுறை இதைச் சமூக ஊடகப் பிரபலங்களிடம் எதிர்பார்க்கிறது. முகப்பூச்சை விளம்பரப்படுத்தும் முன் அதில் ‘நோட்’ எனத் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா, அந்த எண் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பட்டியலில் உண்மையாகவே உள்ளதா என்று பாருங்கள். பாதரசம் கலந்த கிரீமை நம்பிப் பூசிக்கொள்ளப் போவது உங்களைப் பார்க்கும் அக்கா தங்கைகள்தான். நோய் தீர்க்கும் என்று சொல்லி எதையும் விற்காதீர்கள். அத்தகைய விளம்பரத்துக்கு 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும்.

தொடர்ந்து வருமானம் வருகிறதென்றால் அது தொழில். தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். பணமாக அல்லாமல் பொருளாகக் கிடைப்பதும் வருமான வரிக் கணக்கில் சேரும். ரசீதுகளை ஏழாண்டு பாதுகாக்க வேண்டும்.

வசையும் மிரட்டலும்

டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாகு, இணையத் துன்புறுத்தல் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்திருந்த நிலையில் 2024 ஜூலையில் இறந்துபோனார். அது தொடர்பான வழக்கில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 100 ரிங்கிட் அபராதம். நாடு கொதித்தது. அதன் பின் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. மிரட்டும், இழிவுபடுத்தும் சொற்களும், துன்புறுத்தும் நோக்கில் ஒருவரின் முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை வெளியிடுவதும் இப்போது தண்டனைக்குரிய குற்றங்கள்.

தாக்குதல் வந்தால் பதில் எழுதிச் சண்டையை வளர்க்காதீர்கள். தாக்குபவரின் கணக்கைத் தடுக்கும் முன் அனைத்தையும் திரைப்பிடிப்பு எடுங்கள். அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் 1800-188-030 எண்ணிலும் முறையிடுங்கள். மனம் தாங்கவில்லை என்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். வீட்டில் ஒருவரிடமாவது அன்றே சொல்லிவிடுங்கள். பெற்றோரே, “போனை வைத்துவிடு” என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

மிரட்டல் மோசடி வடிவிலும் வரும். “உங்கள் கணக்கு காப்புரிமையை மீறிவிட்டது, இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று வரும் குறுஞ்செய்திகளில் பெரும்பாலானவை கடவுச்சொல்லைப் பறிக்கும் வலைகள். இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். வங்கிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

கியா பார்ம் வட்டாரத்து இளைஞர் மன்றங்களும் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இந்த உரிமைகளை விளக்க ஒரு நாள் பயிலரங்கு நடத்த முடியும். ஒப்பந்த மாதிரி ஒரு பக்கம், புகார் எண்கள் ஒரு பக்கம் என அச்சடித்துக் கொடுத்தாலே போதும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்றைக்கே உங்கள் மூலக் கோப்புகளை ஒரு படி எடுத்து வையுங்கள். அடுத்த வேலைக்கு அழைப்பு வந்ததும், விலை பேசும் அதே உரையாடலில் உரிமையையும் பேசி எழுத்தில் வாங்குங்கள்.